ஒரு பக்க ஒப்புதல்

“கம்பி போடுறதுக்கு முன்னால ரெண்டு பல்லை எடுக்கணும்” என்று டாக்டர் கற்பகம் சொன்னதும், நாற்காலியில் சாய்ந்திருந்த சுகிர்தா வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டாள்.

“பல்லப் பிடுங்க மாட்டாகன்னு சொல்லித்தானப்பா கூட்டிட்டு வந்தீக?”

ஜெயச்சந்திரனின் முகம் சுருங்கிப்போனது. ஊசி என்றாலே நடுங்கும் மகளை, ஒப்புதல் படிவத்தை வரிக்கு வரி படித்துவிட்டு, சத்தியம் செய்து அழைத்து வந்தவர் அவர். சிவகாசி அச்சகம் ஒன்றில் இருபது வருடமாகப் பிழை திருத்துகிறார். பிழை பிடிப்பதில் புலி. படித்தது மட்டும் மறுநாள் மனதில் நிற்காது. காலண்டர் சீசனில் நாளுக்கு ஐம்பது ஆர்டர் படித்தால் யாருக்குத்தான் நிற்கும்?

“நல்ல பல்லப் போய் ஏன் டாக்டர் எடுக்கணும்ங்கீக?”

“இடம் பத்தாது அண்ணாச்சி. ரெண்டை எடுத்தாத்தான் மத்தது வரிசையா நிக்கும். ஃபாரத்துலயே போட்டிருக்கே.”

“எங்கன போட்டிருக்கு? காட்டுங்க!”

டாக்டர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். இல்லை. புதுப் படிவக் கட்டைப் பிரித்தார். அதிலும் இல்லை.

“அச்சடிக்க நான் எழுதிக் கொடுத்தேனே... அதை நம்பித்தான் வாயால சொல்லாம விட்டுட்டேன். தப்பு என் மேலதான். சுகிர்தா, நீ சரின்னு சொல்லாம ஒண்ணும் செய்யமாட்டேன்மா.”

அத்தோடு விட்டிருந்தால் மரியாதையாகப் போயிருக்கும். ஜெயச்சந்திரன் படிவத்தோடு வெளியே போய், காத்திருந்தவர்களுக்கு வாசித்துக் காட்டினார்.

“அப்ப நமக்கும் சொல்லாமப் பிடுங்குவாகளோ?” என்று எம். புதுப்பட்டி முருகம்மாள் எழுந்தார். அவர் பின்னால் மூன்று பேர் கிளம்பினார்கள். டாக்டர் கண் கலங்கி நின்றார். ஜெயச்சந்திரனுக்கே பாவமாகிவிட, கோபத்தை வேறு பக்கம் திருப்பினார்.

“உக்காருங்க எல்லாரும்! டாக்டரம்மா நல்லவுக. இது அச்சாபீஸ்காரன் பண்ணின வேல. எவனோ தூங்கிக்கிட்டே புரூஃப் பாத்திருக்கான். பிள்ளைக பல்லுல விளையாடுதானே! அந்தப் புரூஃபக் கொண்டாங்க. அவன் பேரப் பாத்து, வேலைய விட்டே தூக்கச் சொல்லுதேன்!”

சுகிர்தா அப்பாவைப் பெருமையாகப் பார்த்தாள்.

வரவேற்பில் இருந்த செல்லக்கனி பழைய ஃபைலிலிருந்து, அச்சகம் அனுப்பியிருந்த புரூஃப் தாளை உருவி, சிவப்பு மையில் எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்தாள்:

“‘இடம் பத்தாது. இந்த ரெண்டு வரியை எடுத்தாத்தான் மத்தது வரிசையா நிக்கும். இப்படிக்கு, ஜெயச்சந்திரன்’னு போட்டிருக்கு அண்ணாச்சி.”