சாம்பிள் அண்ணாச்சியின் மகள்

குழந்தை வளர்ப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் எல்லாரும் ராஜபாளையம் இருக்கும் திசை பார்த்து ஒரு கும்பிடு போட வேண்டும். எங்கள் தெரு சாம்பிள் அண்ணாச்சி அவ்வளவு பதில் சொல்லியிருக்கிறார். பிள்ளை பல் முளைத்த கதை, பால் மறந்த கதை, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கதவைப் பிடித்துத் தொங்கிய கதை, எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஒன்றே ஒன்றுதான் இடிக்கும். அண்ணாச்சிக்குப் பிள்ளை கிடையாது.

எனக்கு எதிர்வீடு. பஞ்சாலை ஆபீசில் வேலை பார்க்கிறேன். பொய் என்றால் எனக்கு ஆகவே ஆகாது. எங்கள் ஆபீசுக்கு வரும் ஆடிட்டரே என் மேஜைப் பக்கம் வந்தால் யோசித்துத்தான் வாயைத் திறப்பார். இப்படிப்பட்டவளுக்கு எதிர்வீடு அமைந்த லட்சணத்தைப் பாருங்கள்.

எங்கள் சுற்றுவட்டாரத்தில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அதனால் உச்சி வெயிலில் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வரும் பிள்ளைகளுக்கும் பஞ்சமில்லை. நாங்களெல்லாம் கதவை ஒருக்களித்துத் திறந்து, "வீட்ல ஆள் இல்ல" என்று ஆளாக நின்றே சொல்லி அனுப்புவோம். அண்ணாச்சி மட்டும் வாசலுக்கே போய்க் கூட்டிவந்து, ஃபேனைப் போட்டு, மோர் கொடுத்து உட்காரவைப்பார். முதலில் வந்தவன் மார்க்கெட்டிங் படித்த பையன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இத்தனை பால்கோவாக் கடை இருக்கிறதே, ஜனங்கள் எதைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுக்கிறார்கள், டப்பாவையா, விளம்பரத்தையா என்பது அவன் ஆராய்ச்சி. அண்ணாச்சிக்கு மாமியார் வீடே ஸ்ரீவில்லிபுத்தூர். கண்ணை மூடிக்கொண்டு, விறகடுப்பில் பால் சுண்டும் வாசனையிலிருந்து ஆரம்பித்தார். பையன் தாள் தீர்ந்து கேள்வித்தாளின் முதுகிலெல்லாம் எழுதினான். வெளியே வந்து தன் பேராசிரியருக்குப் போன் போட்டு, "சார், அருமையான சாம்பிள் ஒண்ணு கிடைச்சிருக்கு சார்" என்று கத்தினான். தெருவே கேட்டது. அன்றோடு அவர் சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

அந்தக் கேள்வித்தாள்களில் 'முழுமையாக உடன்படுகிறேன், ஓரளவு உடன்படுகிறேன், கருத்து இல்லை' என்று கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும். அண்ணாச்சிக்கு அது ஒட்டிக்கொண்டது. குழம்பில் உப்பு சரியா என்று அவர் மனைவி, எனக்கு மதினி, கேட்டால் ஓரளவு உடன்படுவார். மதினிக்கும் அண்ணாச்சியின் அக்காவுக்கும் வாக்குவாதம் வந்தால், கருத்து இல்லை என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விடுவார். நான் அவர் காதுபடவே தலையில் அடித்துக்கொள்வேன்.

பிறகு அறுவை சிகிச்சை வந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளிகள் எப்படிப் பயப்படுகிறார்கள் என்று ஓர் இளம் டாக்டர் ஆராய்ந்துகொண்டிருந்தார். உண்மையில் அவர் வந்தது அண்ணாச்சி வேலை பார்த்த பேண்டேஜ் துணித் தறிக்கூடத்துக்கு. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டும் துணி அங்கேதான் நெய்கிறார்கள். வந்தவரை அண்ணாச்சி விடுவாரா? ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு மேலே நகரும் விளக்குகளைப் பார்ப்பது எப்படி இருக்கும், மயக்க மருந்து ஏறும்போது அய்யனார் கோவில் அருவிச் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்பதுபோல இருக்கும் என்றெல்லாம் சொல்ல, டாக்டரே கண் சொருகிப் போய்க் கேட்டாராம். அண்ணாச்சிக்கு எப்போது ஆபரேஷன் நடந்தது என்று நான் விசாரித்தேன்.

"நடக்கல தங்கச்சி. ஆனா நாம பேக் பண்ற துணி எம்புட்டுப் பேரு காயத்துல போய்ப் படுக்குது. அந்தப் பயம் நமக்குத் தெரியாதா?"

வழக்குப் போட்டு உள்ளே தள்ள வேண்டிய பதில். எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது.

இனிமேல்தான் கோதை வருகிறாள்.

குழந்தை வளர்ச்சி பற்றி ஆராயும் பெண் ஒருத்தி ஒரு சித்திரை மாத மத்தியானம் வந்தாள். முகமெல்லாம் சிவந்து, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, பாவம், தெரு முழுக்க ஆள் இல்லாத வீடுகளாகப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். மூன்று வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கான கேள்விகள். ஆனால் பிள்ளை இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில், "உங்க குழந்தை பேர் என்ன அங்கிள்?" என்று பேனாவைத் திறந்தாள். மோர்ச் செம்பைத் திருப்பிக் கொடுக்கப் போன நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். அண்ணாச்சி உள்பக்கம் திரும்பிப் பார்த்தார். அடுக்களையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"கோதைன்னு எழுதிக்கோங்க" என்று உள்ளேயிருந்து மதினி சொன்னார்.

அப்புறம் என்ன, மடை திறந்த மாதிரி. கோதைக்குத் தயிர் ஆகாது. பக்கத்து வீட்டு வெள்ளை நாயைக் கண்டால் பயம், ஆனால் அதற்குப் பெயர் வைத்தது அவள்தான். புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தால் கழற்றமாட்டாள், தூங்கும்போதும் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள். அண்ணாச்சி ஒன்று சொல்ல, மதினி வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டு திருத்தினார். அந்தப் பெண் எழுதிக்கொண்டே போனாள். நான் செம்பைப் பிடித்துக்கொண்டு மரமாக நின்றேன்.

அவள் போனதும் பிடித்துக்கொண்டேன். ஒரு பிள்ளை ராப்பகலாகக் கஷ்டப்பட்டுப் படிக்கிறது, அதன் படிப்பில் மண்ணைப் போடுகிறீர்களே, நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். அண்ணாச்சி கோபப்படவில்லை.

"இத்தனை வருசமா எல்லாரும் பிள்ளை இருக்கான்னுதான் கேப்பாக, தங்கச்சி. பேரு என்னன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல."

வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன்.

பிறகு பள்ளிக்கூடங்களை மூடி எல்லாரையும் வீட்டுக்குள் உட்காரவைத்த காலம் வந்தது. ஆராய்ச்சியும் போன் வழியாக வந்தது. உங்கள் பிள்ளை ஆன்லைன் வகுப்பில் கவனிக்கிறாளா, எத்தனை நேரம் உட்காருகிறாள் என்று தொலைதூரக் கல்விக்காரர்கள் கேட்டார்கள். அண்ணாச்சி மாடிக்குப் போய்ப் பேசுவார். எங்கள் தெருவில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம்தான் சிக்னல். மேற்கே மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருக்கும், இவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, கோதை கேமராவை விரலால் மூடிவிட்டுத் தூங்கிவிடுகிறாள் என்று குறைப்பட்டுக்கொள்வார். கீழேயிருந்து மதினி, "அஞ்சு இன்னும் முடியல, நாலரைன்னு சொல்லுங்க" என்று குரல் கொடுப்பார். வயது விஷயத்தில் மதினி ரொம்பக் கண்டிப்பு. தெருவே அடைந்து கிடந்த அந்த நாட்களில், எதிர் மாடியில் ஒரு பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தது எங்களுக்கு என்னவோ ஆறுதலாகத்தான் இருந்தது.

என் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது வீட்டுக்குப் பால்கோவா வாங்கினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு பார்த்தால், மடியில் தனியாக ஒரு சின்னப் பொட்டலம். யாருக்கு வாங்கினோம் என்று யோசித்தேன். மம்சாபுரம் விலக்கு தாண்டும்போதுதான் உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது. யாருக்கும் தெரியாமல் பஸ்ஸிலேயே தின்று தீர்த்தேன்.

இப்படியே போயிருக்கலாம். ஆனால் போன வருஷம் அந்தக் குழந்தை வளர்ச்சிப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. அதே பிள்ளைகளை எட்டு வயதில் மறுபடி பார்க்க வேண்டுமாம். உயரம் அளக்க வேண்டும், படம் வரையச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். அண்ணாச்சி போனை வைத்துவிட்டு வெளிறிப்போய் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளதைச் சொன்னால் அவள் ஆராய்ச்சி கெடும். அதோடு கோதையும் போய்விடுவாள். இரண்டில் எதற்கு அதிகமாகப் பயந்தார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

தெரு கூடி யோசித்தது. சைக்கிள் கடைக்காரர் தன் மகளை அனுப்புவதாகச் சொன்னார். அவளுக்கும் எட்டு வயது, நன்றாகப் படமும் வரைவாள், செத்த நேரம் கோதையாக இருந்துவிட்டு வரட்டுமே என்றார். அண்ணாச்சிகூட ஓரளவு உடன்பட்டுவிட்டார். மதினிதான் ஒரேயடியாக மறுத்தார்.

"வேற பிள்ளைய அந்தப் பேரு சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. உள்ளதச் சொல்லிருங்க. திட்டுனா வாங்கிக்கிடுவோம்."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் அளவு நாடா, கலர் பென்சில் டப்பா சகிதம் வந்து உட்கார்ந்தாள். துணைக்கு இருக்கச் சொல்லி என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மோர் வந்தது. அண்ணாச்சி நின்றுகொண்டே, பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, கோதை என்று யாரும் இல்லை என்று சொன்னார்.

அந்தப் பெண் மோரைக் குடித்து முடித்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் அங்கிள். மூணு வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டுல இடுப்பு உயரத்துக்குக் கீழ சுவர் இப்படி வெள்ளையா இருக்காது. உங்க ஃபாரத்தை நான் கணக்குல சேர்க்கவே இல்ல."

எனக்கு ஆடிட்டர் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் எதிர்வீட்டில் இருக்கிறேன், சுவர் என் கண்ணில் படவில்லையே! அண்ணாச்சி தடுமாறி, பிறகு எதற்கம்மா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டார்.

"மத்த எல்லாப் பிள்ளைகளையும் போய்ப் பார்த்துட்டேன். கோதை மட்டும் எப்படி இருக்கான்னு தெரியாம மனசு கேக்கல. இன்னும் செருப்பு போட்டுக்கிட்டுத்தான் தூங்குறாளா?"

நிலைப்படியில் நின்றிருந்த மதினிதான் பதில் சொன்னார்.

"இல்லம்மா. அது காலுக்குப் பத்தாமப் போச்சு. இப்ப வெறுங்காலோடதான் தூங்குறா."

நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். அந்தப் பெண் எழுந்து போய்க் கலர் பென்சில் ஒன்றை மதினி கையில் கொடுத்தாள். மதினி நிலைக்கட்டையில் கையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்து, கோதை இம்புட்டு இருப்பாள் என்று ஒரு பச்சைக் கோடு போட்டார். கிளம்பும்போது அந்தப் பெண் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னாள்: இனிமேல் வருகிறவர்களிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும், எல்லாரும் சுவரைப் பார்க்கமாட்டார்கள். அண்ணாச்சி முழுமையாக உடன்பட்டார்.

சொன்ன சொல் மாறவில்லை. அதற்குப் பிறகு யாராவது பிள்ளையைப் பற்றிக் கேட்டு வந்தால், "எங்களுக்குப் பிள்ளை இல்ல தம்பி. பால்கோவா பத்தி வேணும்னா கேளுங்க" என்று சொல்லிவிடுகிறார். நிலைக்கட்டையில் இந்த வருஷம் பச்சைக் கோட்டுக்கு மேலே இன்னொரு கோடு ஏறியிருக்கிறது. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் ஆடிப்பூரத் தேர் பார்க்க இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தார்கள். வேர்த்து விறுவிறுத்து ஒரு பையன் வந்து அவர்கள் வீட்டுப் பூட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். எதிர்வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உண்டா மேடம் என்று கேட்டான். பொய் என்றால் எனக்கு ஆகாது என்று உங்களுக்கே தெரியும். உள்ளே வந்து ஃபேனுக்குக் கீழே உட்காரச் சொன்னேன், மோர் கொடுத்தேன்.

"ஒரு பொண்ணு இருக்கு. தேர் பாக்கப் போயிருக்கு" என்றேன்.

என்ன வயது என்று கேட்டான். ஒன்பது முடிந்துவிட்டது என்று சொல்ல வந்தவள், மதினியை நினைத்துக்கொண்டு, இன்னும் முடியவில்லை என்று திருத்தினேன். அவன் பேனாவைத் திறந்துகொண்டு பெயர் கேட்டான்.

"கோதைன்னு எழுதிக்கோங்க" என்றேன்.