குலுக்கலில் விழுந்த பெண்மான்

"எட்டுப் பேர் போட்டதிலை உன்ரை பேர்தான் விழுந்திருக்கு, சீனித்தம்பி! நீ ராசிக்காரனடாப்பா!"

போர்மன் அகஸ்ரின் ஒரு கடிதத்தைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு, பிளாஸ்ரிக் வாளி வார்க்கும் இயந்திரங்களுக்கு நடுவே ஓடி வந்தார். சீனித்தம்பி இயந்திரத்தை நிறுத்தினான். முப்பத்தாறு வயது வரை எந்த லொத்தர்ச் சீட்டிலும் ஒரு சோப்புக் கட்டிகூட விழாத மனிதனுக்கு, விழக்கூடாத இடத்தில் விழுந்திருந்தது.

எல்லாம் அவன் வாயால் வந்தது. கனடாவுக்கு வந்து வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, சாப்பாட்டு அறையில் அகஸ்ரின், "ஊரிலை எவடம்?" என்று கேட்டார். மட்டக்களப்பு என்றான். "அப்ப காடு, வேட்டை எல்லாம் உனக்குத் தண்ணி பட்ட பாடெண்டு சொல்லு!" என்றார். யாழ்ப்பாணத்து அகஸ்ரினுக்கு மட்டக்களப்பு என்றால் சந்திக்குச் சந்தி யானை நிற்கிற ஊர். சீனித்தம்பியோ கல்லடித் தபாற்கந்தோரில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவன். அவன் கண்ட மான் எல்லாம் தேனில் ஊறிய வற்றலாகப் போத்தலுக்குள் இருந்தது. ஆனால் ஆறு மாதம் முடிய அவனை வேலையில் நிரந்தரமாக்கும், பேமனென்ற் ஆக்கும் கடிதத்தில் கையெழுத்து வைக்கிறவர் அகஸ்ரின். "ஓம்" என்றுவிட்டான்.

அந்த ஒரு "ஓம்" அவனை வேட்டைக்காரர் வகுப்புக்கு அனுப்பியது, பரீட்சை எழுத வைத்தது, கடைசியில் குலுக்கலிலும் பெயர் போட வைத்தது. வடக்கே மலைப்பக்கத்து அரசாங்கக் காடுகளில் மான் குறைந்துபோய்விட்டது. அதனால் பெண்மான் சுட யாருக்கு அனுமதி என்பதை அரசாங்கம் குலுக்கிப் போட்டுத்தான் தீர்மானித்தது.

"அண்ணை, சீட்டைத் தாறன். நீங்களே போய்ச் சுடுங்களன்."

"சீட்டுக்காரனும் காட்டிலை நிக்கவேணும். சட்டம் அப்பிடி. பதினொரு வருசமா நான் ஒரு மான் வாலைக்கூடக் காணேல்லை. 'மான் அழிஞ்சு போச்சு, ஏதாவது செய்யுங்கோ' எண்டு வருசா வருசம் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதிக் கை நோகுது. இந்த முறை விடமாட்டன். வாற வியாழன் வெளிக்கிடுறம்."

வாற வியாழன், கந்தசஷ்டியின் நாலாம் நாள்.

ஸ்காபரோவில் அவர்களுடைய அப்பார்ட்மென்றில் துவாய் அடுக்கும் அலுமாரியைத்தான் அவன் மனைவி நாகேஸ்வரி சாமியறை ஆக்கியிருந்தாள். கலியாணமாகி ஏழு வருடம். இரண்டு பேரிலும் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிச் சொல்லியே டொக்டர்மார் களைத்துவிட்டார்கள். இந்த வருடம் ஆறு நாளும் பாலும் பழமும்தான் என்று, பிள்ளை வரம் கேட்டு அவள் விரதம் பிடித்திருந்தாள். சீனித்தம்பிக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று அவனுக்கே தெரியாது. ஆனால் மூன்றாம் நாள் பின்னேரம் அவள் சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்கு நடந்ததைப் பார்த்தபோது அவன் நெஞ்சு கனத்தது. ஒரு கிழமையாக மறைத்து வைத்ததைச் சொல்ல அந்த நேரத்தைத்தான் அவன் தேர்ந்தெடுத்தான்.

"என்ன, மானா?" நாகேஸ்வரி கையிலிருந்த பால் தம்ளரைக் கீழே வைத்தாள். "வள்ளியம்மை ஆர்ட பிள்ளை?"

"மான்ட பிள்ளை."

"அவவக் கலியாணம் முடிச்சது ஆரு?"

"முருகன்."

"அப்ப, முருகன்ட மாமியாரச் சுட்டுப்போட்டு வந்து, அவரிட்டயே பிள்ளை கேக்கப் போறீங்க?"

"நான் சுடமாட்டன். சும்மா நிக்கிறதுதான்."

"உங்கட சீட்டுல செத்தா, நீங்க சுட்ட மாதிரித்தான்."

"போகாட்டி வேலை போயிரும்."

அவள் அழுதிருந்தால் பரவாயில்லை. உள்ளே போய், ஒரு பை நிறைய அப்பிள் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள்.

"போங்க. ஆனா நீங்களும் விரதத்தோட போங்க. இத மட்டும் சாப்பிடுங்க. அந்தக் காட்டுல ஒரு மானும் சாகப்படாது. அவ்வளவுதான் நான் கேக்கிறது."

சீனித்தம்பி இரவிரவாக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். வியாழன் காலை அகஸ்ரின் கதவைத் தட்டியபோது இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பாதி வளைந்து நின்றான்.

"அண்ணை, நாரி பிடிச்சிட்டுது. ஒரு அடி நடக்க ஏலா."

"நீ ஏன் நடக்கிறாய்? நான் அலையிறன். உன்னை மான் வாற பாதையிலையே கதிரை போட்டு இருத்திவிடுறன்." அகஸ்ரின் உள்ளே வந்து, அவர்கள் வீட்டு மடக்குக் கதிரையையே தூக்கிக்கொண்டு லிப்ட்டுக்கு நடந்தார்.

காரின் முன்னிருக்கையில் அகஸ்ரினின் மனைவி கிளடிஸ் செபமாலையோடு இருந்தார். வருடா வருடம் அவர்தான் சமையலுக்கு. வழி முழுக்க அகஸ்ரின் பேசிக்கொண்டே வந்தார்.

"முதல் வருசம் கொம்பன் மான் ஒண்டு சுட்டனான். இவ ஈஸ்ரர் வரைக்கும் அந்த இறைச்சியையே வெட்டி வெட்டிச் சமைச்சவ. அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை. பாவம், இவவும் ஒவ்வொரு முறையும் விடியமுன்னம் எழும்பி, செபமாலை சொல்லிக்கொண்டு காட்டைச் சுத்தி வருவா, எனக்கு மான் கிடைக்கவேணுமெண்டு. இந்த முறை முழங்கால் நோவாம், நடக்க ஏலாதாம். செபமும் இல்லை. என்ன நடக்கப்போகுதோ!"

கிளடிஸ் அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னிருக்கையில் சீனித்தம்பியின் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பதினொரு வருடம் செபித்தே வராத மான், செபமில்லாமலா வரப்போகிறது?

காட்டோர மரக்குடிலில் இரவைக் கழித்த மறுநாள் விடியற்காலை, மூக்கு விறைக்கும் குளிரில், ஒரு ஓக் மரத்தடியில் அவனை இருத்திவிட்டு அகஸ்ரின் மேட்டில் ஒரு பாறைக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டார். சீனித்தம்பி குண்டு போடாத துவக்கை மரத்தில் சாத்தினான். பசித்தது. பையைத் திறந்து ஒரு அப்பிளைக் கடித்தான். அந்த அமைதியில் அந்தக் கடி ஊருக்கே கேட்டிருக்கும்.

பத்து நிமிடத்தில் ஒரு பெண்மான் வந்து நின்றது.

"போ," என்றான் ரகசியமாக. "போம்மா. மேல ஒருத்தர் துவக்கோட படுத்திருக்கார்."

கனடா மானுக்குத் தமிழ் விளங்கவில்லை. "கோ!" என்றான். அது மூக்கை உறிஞ்சிக்கொண்டு இரண்டு அடி முன்னால் வந்தது. வேறு வழியில்லாமல் கையிலிருந்த அப்பிளால் எறிந்தான். குறி தவறிக் காலடியில் விழுந்ததை அது ஆறுதலாகத் தின்றது. இரண்டாவது அப்பிளை இன்னும் ஓங்கி எறிந்தான். அதைத் தின்ன இன்னொரு மான் வந்தது. ஐந்தாவதை எறிகிற அவசரத்தில் பை சரிந்து, அப்பிள் எல்லாம் கதிரையைச் சுற்றி உருண்டன. மூன்றாவது மானும் வந்துசேர்ந்தது. அகஸ்ரின் பதினொரு வருடம் தேடிய மான்கள், பந்திக்கு வந்த சம்பந்தி வீட்டார் மாதிரி அவனைச் சுற்றி நின்று சாப்பிட்டன.

"முருகா," என்று பல்லைக் கடித்தான் சீனித்தம்பி, "உன்ட மாமியார் வீட்டு ஆக்களுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா?"

"அசையாதை!" மேட்டிலிருந்து அகஸ்ரினின் அடித்தொண்டைக் குரல் வந்தது. பாறை ஓரத்தில் துவக்குக் குழாய் மெல்ல நீண்டது.

சீனித்தம்பிக்கு அந்த நேரம் மானும் தெரியவில்லை, பேமனென்ற் கடிதமும் தெரியவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்த நாகேஸ்வரியின் கைதான் தெரிந்தது. நாரிப்பிடிப்பை மறந்து கதிரைமேல் பாய்ந்து ஏறி, இரண்டு கையையும் தூக்கி, அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"அரோகரா!"

எதிர் மலையும் அரோகரா என்றது. மூன்று வெள்ளை வால்கள் மேலெழுந்தன. அடுத்த கணம் காடு காலி.

அகஸ்ரின் முன்னால் விறுவிறுவென்று மரக்குடிலுக்கு நடந்தார். உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார்.

"பதினொரு வருசம்! பதினொரு வருசத்துக்குப் பிறகு மூண்டு மான்! மூண்டையும் தேர் இழுக்கிற மாதிரிக் கத்திக் கலைச்சுப்போட்டியேடா!"

இனி மறைக்க என்ன இருக்கிறது? விரதம், ஏழு வருடம், வள்ளியம்மை, கல்லடித் தபாற்கந்தோர் எல்லாவற்றையும் சீனித்தம்பி ஒரே மூச்சில் கொட்டினான்.

"அப்ப நீ வேட்டைக்காரனே இல்லையா?"

"உயிரோட மானை நான் இண்டைக்குத்தான் அண்ணை பார்த்தன்."

அகஸ்ரின் தொப்பியைப் பொறுக்கித் தலையில் போட்டார். "பேமனென்ற் ஆக்கிற கதையை இனி என்னோடை கதையாதை!" என்றுவிட்டு, கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

சீனித்தம்பி மேசையில் தலையைப் போட்டுக்கொண்டு இருந்தான். முன்னால் ஏதோ வைக்கிற சத்தம் கேட்டது. ஒரு கோப்பை சுடுபால்.

"குடி. விரதத்துக்குப் பால் குடிக்கலாம்தானே," என்றார் கிளடிஸ் அக்கா. எதிரே உட்கார்ந்து, முழங்காலுக்குத் தைலம் தேய்க்கத் தொடங்கினார். "கையெழுத்தைப் பற்றி யோசிக்காதை. அதை நான் வைப்பிக்கிறன். உன்ரை மனிசிக்கும் வடிவா ஒரு பிள்ளை பிறக்கும்."

"உங்கட இவ்வளவு வருசச் செபத்தையும் நான் பாழாக்கிப்போட்டன், அக்கா."

கிளடிஸ் அக்கா கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த வருசமும் நீ கட்டாயம் வரவேணும், தம்பி. பதினொரு வருசமா விடியமுன்னம் எழும்பி, உந்தக் காடு முழுக்க மானைக் கலைச்சுக் கலைச்சுத்தான் என்ரை முழங்கால் போனது."