விமானத்துக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்

கூடத்தில் யாரோ விசும்பும் சத்தம் கேட்டது.

படுக்கையறையில், மேலே கம்பெனியின் நீலக் கோட்டும் கீழே பூப்போட்ட நைட்டியுமாக, இஸ்திரிப் பலகையின் மேல் மடிக்கணினியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். விசும்பல் பெருமூச்சாக நீண்டது. பெருமூச்சு ஒரு "அடடா"வில் போய் முடிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வேலைக்கான நேர்காணல். இந்த நேரத்திலா!

அடடா மாமா வந்துவிட்டார்.

வாசகர்களே, இவரை உங்களுக்குத் தெரியும். மூக்கும் முழியும் வேறாக இருக்கலாம். ஆனால் துக்கம் விசாரிப்போர் என்னும் இந்த இனம் எந்த ஊரிலும் தெருவுக்கு ஒருவர் வீதம் குறையாமல் வாழ்ந்து வருகிறது. உங்களுக்குப் பல் பிடுங்கினால் வருவார். உங்கள் வண்டியில் கீறல் விழுந்தால் வருவார். பதவி உயர்வு கிடைத்தாலும் வருவார். உங்கள் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, "அடடா, இனிமே தூக்கம் போச்சே" என்பார். கல்யாணத்துக்கு மட்டும் வரமாட்டார். அங்கே அவருக்கு என்ன வேலை? ஆனால் மறுநாள் மாப்பிள்ளைக்கு ஜலதோஷம் என்று காதில் விழட்டும், முதல் ஆளாக வாசலில் நிற்பார்.

அவர் ஒரு வீட்டுக்குள் நுழைவதே தனிக் காட்சி. வாசலில் செருப்பை உடனே கழற்றமாட்டார். ஒன்றைக் கழற்றி, சுவரில் கை ஊன்றி, தலை குனிந்து, இந்த வீட்டில் எத்தனை முறை சிரித்திருக்கிறோம் என்று நினைத்துப் பார்ப்பவர்போல் நின்று, பிறகு அடுத்ததைக் கழற்றுவார். உள்ளே வந்ததும் உட்காரமாட்டார். விட்டத்தைப் பார்ப்பார். நான்காக மடித்த கைக்குட்டையை எடுப்பார். காபி வேண்டுமா என்று கேட்டால், "இப்ப எப்படிம்மா காபி இறங்கும்?" என்பார். அதோடு விட்டுவிடாதீர்கள். இரண்டாம் முறை கேட்க வேண்டும். "சரி, நீ இவ்வளவு வற்புறுத்துற. சக்கரை ரெண்டு கரண்டி."

இறங்கும். பிஸ்கட்டும் சேர்ந்து இறங்கும்.

இன்றைக்கு அவரை இழுத்து வந்த துக்கம் சாதாரணமானதல்ல. அரசாங்கத்திடம் இருந்த ஒரே விமான நிறுவனத்தை நேற்று விற்றுவிட்டார்கள். வாலில் வெள்ளைக் கொக்கு வரைந்த ஏழே விமானங்கள். அதில் ஒன்று எப்போதும் பட்டறையில். வாங்கியது, ஏற்கெனவே பதினோரு விமான நிறுவனங்களை விழுங்கி ஏப்பம் விட்ட ஒரு பெரிய குழுமம். நம் கதாநாயகி அந்தக் கொக்கு நிறுவனத்தில், காணாமற்போன பெட்டிகளுக்கான மேஜையில் உட்காருபவள். பெட்டி வராத பயணிகள் அழுதுகொண்டே முதலில் வந்து நிற்பது அவள் எதிரில்தான். அந்த மேஜையில் இருக்கும் நான்கு பேரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வோம், மற்றவர்களுக்கு நன்றி என்று புதிய முதலாளிகள் சொல்லிவிட்டார்கள். மாதத் தவணையில் வாங்கிய இந்த வீடு, புத்தி சொன்னால் கேட்காத இந்தக் கணவன், இவை எல்லாமே அவளுடைய அந்த நாற்காலியின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

அந்த நேர்காணலுக்குத்தான் நீலக் கோட்டு. அந்த நேர்காணலுக்குத்தான் இஸ்திரிப் பலகை. கதவைச் சாத்திக்கொண்டு பேசலாமே என்கிறீர்களா? முடியாது. இணையப் பெட்டி கூடத்தில் இருக்கிறது. படுக்கையறைக் கதவை ஒரு சாண் திறந்து வைத்தால்தான் இணையம் உள்ளே வரும். சாத்தினால் மூச்சை விட்டுவிடும். அந்த ஒரு சாண் வழியாகத்தான் இப்போது "அடடா"வும் வந்துகொண்டிருந்தது.

அவள் எட்டிப் பார்த்துக் கணவனைச் சைகையால் கூப்பிட்டாள்.

"எப்படியாவது அனுப்பி வைங்க."

"எப்படி அனுப்புறது? அழுதுக்கிட்டிருக்காரே."

"அழுறவரை அனுப்பக் கூடாதுன்னு சட்டமா?"

"காபி வேற ரெண்டாவது தடவை கேட்டுட்டேன்" என்றான் அவன், குற்றவாளியைப்போல.

அதற்குள் மாமா அவளைப் பார்த்துவிட்டார். எழுந்தே விட்டார்.

"அம்மாடி! எப்பம்மா ஆச்சு?"

"நேத்து சாயங்காலம் மாமா. கையெழுத்துப் போட்டாங்க."

"கஷ்டப்படாம போச்சா? இல்ல, ரொம்ப நாளா இழுத்துக்கிட்டிருந்துச்சா?"

"ரெண்டு வருஷமா நஷ்டத்துல..."

"அடடா! எனக்குத் தெரியும். பார்த்தாலே தெரிஞ்சுது, போன தடவை மேல பறந்தப்பவே ஒரு இருமல். வயசு என்ன இருக்கும்?"

"கம்பெனிக்கா? அறுபத்திரண்டு."

"போற வயசா அது!" கைக்குட்டை கண்ணுக்குப் போனது. "கடைசி நேரத்துல யாரு பக்கத்துல இருந்தாங்க?"

"மந்திரி, வக்கீல் எல்லாரும் இருந்தாங்க மாமா."

"பாவம். சொந்தம்னு ஒருத்தர் இல்ல."

இத்தனைக்கும் இந்த மனிதர் அந்த விமானத்தில் ஒருநாளும் காலை வைத்ததில்லை. "பறக்குற தகரம்" என்று போன மாதம்கூட இதே சோபாவில் உட்கார்ந்து சொன்னார். அதனால் என்ன? உயிரோடு இருக்கும்போது யாரைத்தான் அவருக்குப் பிடித்தது?

இந்த இனத்திடம் இன்னொரு பொக்கிஷம் உண்டு. உங்களைவிட மோசமாகக் கெட்டுப்போன ஒருவரை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள். மாமாவும் எடுத்தார். "என் சிநேகிதனோட மச்சான் இருக்கானே, அவனுக்கும் இப்படித்தான். கம்பெனியை வித்தாங்க, வேலை போச்சு. இப்ப வீட்டுல உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கிட்டிருக்கான். சுவர்கூட இப்ப வாடகைச் சுவர்."

உள்ளே மடிக்கணினி கிணுகிணுத்தது. அவள் பாய்ந்து ஓடினாள்.

திரையில் ஓர் அதிகாரி. கழுத்தை இறுக்கிய டை, பின்னால் குழுமத்தின் தங்க முத்திரை, முகத்தில் எந்த விசேஷமும் இல்லை. வணக்கம் சொல்லி முடித்த கையோடு விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"ஒரே ஒரு கேள்விதான்மா. ஒரு பயணி பெட்டியைக் காணோம்னு உங்க முன்னாடி வந்து அழுறாங்க. முதல்ல என்ன செய்வீங்க?"

அவள் வாயைத் திறந்தாள். வந்தது அவள் குரல் அல்ல.

"ஐயோ, அந்தக் கொக்கு என்ன பாவம் பண்ணுச்சு மாப்ளே!"

அதிகாரி நிமிர்ந்தார். "யாரு அழுறது?"

தொலைக்காட்சி என்று சொல்லலாமா? பக்கத்து வீடு என்று சொல்லலாமா? பொய் சொல்லி வேலை வாங்குவதா? கேவலமான வேளையில் மனிதருக்கு ஏனோ நேர்மைதான் நினைவுக்கு வருகிறது.

"எங்க மாமா சார். கம்பெனி போயிடுச்சுன்னு துக்கம் விசாரிக்க வந்திருக்கார்."

"எந்தக் கம்பெனி?"

"எங்களுதுதான் சார். நீங்க வாங்குனது."

அவ்வளவுதான், தீர்ந்தது என்று அவள் நினைத்த நேரத்தில் அந்த ஒரு சாண் கதவு முழுக் கதவாகத் திறந்தது. தன் பேச்சு அடிபட்டதும் வந்துவிட்டார் மாமா, ஒரு கையில் காபி, மறு கையில் கைக்குட்டை.

"இது யாரும்மா தம்பி?"

"வாங்குன கம்பெனி அதிகாரி மாமா. கொஞ்சம் வெளியில..."

மாமா வெளியில் போகவில்லை. திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். வைத்தியர் நாக்கைப் பார்ப்பதுபோல் அதிகாரியின் முகத்தை உற்றுப் பார்த்தார். இந்த விஷயத்தில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது, வாசகர்களே. துக்கம் எந்த டைக்குப் பின்னால் ஒளிந்திருந்தாலும் அவர் மூக்குக்கு எட்டிவிடும்.

"தம்பி, நீங்க ஆரம்பத்துலேருந்தே இந்தக் கம்பெனியா?"

"இல்ல சார்." அதிகாரி முத்திரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "நான் வேற. சின்னக் கம்பெனி. அதையும் இவங்க வாங்கிட்டாங்க. ஆறு வருஷம் ஆச்சு."

"அடடா! யாராவது வந்து விசாரிச்சாங்களா?"

அங்கே ஏதோ ஒன்று உடைந்தது. அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒருத்தரும் வரலை சார். 'வாழ்த்துகள்'னு ஒரு மின்னஞ்சல் வந்துச்சு. இந்த டையைக் குடுத்தாங்க. அவ்வளவுதான்."

"டையா? அடப் பாவிங்களா, இது என்ன கயிறா?"

"எங்க விமானத்து வால்ல ஒரு மீன் இருக்கும் சார். மஞ்சள் மீன். ஒரே ராத்திரியில வெள்ளை அடிச்சிட்டாங்க."

"மீனுக்கா! நீந்துற ஜீவனுக்கா!"

பிறகு நடந்ததை எழுத எனக்கே பேனா நடுங்குகிறது. அங்கே அவர் அழ, இங்கே இவர் அழ, கதவோரம் நின்ற கணவனும் காரணம் தெரியாமலே கண்ணைத் துடைத்துக்கொள்ள, நடுவில் நீலக் கோட்டும் நைட்டியுமாக அவள் ஒருத்திதான் காய்ந்த கண்ணோடு நின்றாள். பத்து பேர் சேர்ந்து அழும் இடத்தில் தினமும் எட்டு மணி நேரம் உட்காருபவளுக்கு ஒன்று தெரியும். அழுகிறவரை அழாதே என்று சொன்னால் அழுகை ஒரு சுருதி ஏறும்.

அவள் மேஜையில் கேட்பதைப்போலவே, மெதுவாகக் கேட்டாள்.

"சார், அந்த மீன் என்ன மஞ்சள்?"

அதிகாரி மூக்கை உறிஞ்சினார். "என்ன மஞ்சள்னா?"

"எலுமிச்சம்பழ மஞ்சளா? முட்டைக்கரு மஞ்சளா?"

"முட்டைக்கரு... இல்ல, அதைவிடக் கொஞ்சம் வெளிறுனது."

"தலை எந்தப் பக்கம் இருக்கும்? வலதா, இடதா?"

"முன்பக்கம்தான். விமானம் போற திசையில." அவர் கண்களைச் சுருக்கி யோசித்தார். "வால் மட்டும் கொஞ்சம் மேல தூக்கியிருக்கும். செதில்ல ஒண்ணு வரைய விட்டுப்போச்சு. எங்களுக்கு மட்டும்தான் அது தெரியும்."

சொல்லும்போதே அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அழுகை எப்போது நின்றது என்று அவருக்கே தெரியவில்லை. தெரிந்ததும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"முதல்ல இதைத்தான் செய்வீங்களா?"

"ஆமா சார். நிறம் கேப்பேன். யோசிக்க ஆரம்பிச்சா அழ முடியாது."

அதிகாரி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வேலை உங்களுக்குத்தான்மா. ஒண்ணாந்தேதி வந்துடுங்க." பிறகு மாமாவைத் தேடி, குரலைத் தாழ்த்தி, "நீங்க வந்தது ரொம்பப் பெரிய விஷயம் சார்" என்றார். திரை இருண்டது.

கணவன் குதித்தான். இஸ்திரிப் பலகை சாய்ந்தது. மடிக்கணினியை அவள் அந்தரத்தில் பிடித்தாள். சிரிப்பும் மூச்சிரைப்புமாகத் திரும்பியவள் மாமாவின் முகத்தைப் பார்த்தாள்.

அந்த முகத்தை என்னவென்று சொல்வேன்! விருந்துக்கு இலை போட்டு உட்கார்ந்தபின் சமையல்காரர் ஓடிவிட்டார் என்று கேட்டவரின் முகம் அது.

"அப்ப... வேலை போகலையா?"

"போகலை மாமா!"

"ஓ." கைக்குட்டையைப் பார்த்தார். பாதிகூட நனையவில்லை. கடைசியாக ஒரு முயற்சி செய்தார். "ஆனா இனிமே பன்னெண்டு கம்பெனிப் பெட்டியும் உன் தலையிலதானே வரும்? அடடா."

"வரட்டும் மாமா."

"முதுகு வலிக்குமே?"

"வலிக்கட்டும் மாமா!"

இனி இந்த வீட்டில் தனக்கு ஒன்றும் இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. காபியை ஒரே மடக்கில் முடித்தார். வாசலுக்கு வந்து இரண்டு செருப்பையும் ஒரே மூச்சில் மாட்டினார். அப்புறம் ஏதோ பொறி தட்டியதுபோல் திரும்பினார். கண்ணில் பழைய ஒளி.

"உன் மேஜையில நாலு பேருன்னு மாப்ளே சொன்னாரே? மத்த மூணு பேரு வீடு எங்கம்மா இருக்கு?"

அவள் சிரிக்க வாயெடுத்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒரே டப்பாவில் சாப்பிட்டு, அழுத பயணிகளைப் பங்கு போட்டுக்கொண்ட மூன்று பேர். அவர்களுக்கு இன்று மாலை ஒரு மின்னஞ்சல் போகும். 'நன்றி' என்று இருக்கும். டைகூட இருக்காது.

அவள் ஒவ்வொரு வீட்டுக்கும் வழி சொன்னாள். "நாளைக்குக் காலையில போங்க மாமா. சாயங்காலம் நானும் வரேன். அவங்க காபி வேணுமான்னு கேட்டா, முதல் தடவையே சரின்னு சொல்லிடுங்க. ரெண்டாவது தடவை கேக்குற தெம்பு இருக்காது."

"அடடா" என்றார் மாமா. இந்த முறை அது வேறு மாதிரி ஒலித்தது.

அவர் படியிறங்குகிறார். நீங்கள் ஏன் இன்னும் நிற்கிறீர்கள்? உங்களுக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை என்கிறீர்களா? நான்கில் ஒருவருக்குத்தான் வேலை என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தீர்களே, அது எதற்காம்? அதிகாரி நிமிர்ந்தபோது, போச்சு, வேலை போச்சு என்று உங்கள் மனசு ஒரு துள்ளு துள்ளியதை நான் பார்க்கவில்லை என்று நினைத்தீர்களா? கிடைத்துவிட்டது என்றதும் உங்கள் முகம் லேசாக விழுந்தது உண்மையா இல்லையா? இருக்கட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு மாமாவோடு சேர்ந்து நடங்கள். மூன்று வீட்டுக்கும் வழி அவருக்குத் தெரியும்.

அவள் சிரித்துக்கொண்டே கையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.