நைனா கட்டிய வரைபடம்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவனை மலையேற விடக்கூடாது. என்னை விட்டார்கள்.

எங்கள் பக்கத்துப் பையன்களெல்லாம் பெங்களூருக்கு ரயிலேறிக்கொண்டிருந்த காலம். எனக்குத் திருப்பதியிலேயே, செல்போன் டவருக்கு இடம் பார்க்கும் கம்பெனியில் வேலை கிடைத்தது. வெள்ளைக்காரர் காலத்தில் தேசத்தை முக்கோணம் முக்கோணமாக அளந்தவர்கள் மலையுச்சிகளில் அடையாளக் கல் நட்டிருந்தார்கள். டவருக்கு உயரம் கணக்கிட, எங்கள் ஊரான குடுபல்லிக்கு மேலே அப்படியொரு கல் இன்னும் இருக்கிறதா என்று பார்த்து வரவேண்டும்.

“மேப் சதவடம் ஒச்சா?” வரைபடம் படிக்கத் தெரியுமா என்று இன்ஜினீயர் தெலுங்கில் கேட்டார்.

“பாகா ஒச்சு சார்!” (நன்றாகத் தெரியுமாம்! அன்றுதான் அதை முதன்முதலாகப் பார்க்கிறேன்.)

கூட வரவேண்டியவனுக்குக் காய்ச்சல். அதனால் அன்றைய கூலி வேலையை விட்டுவிட்டு நைனா, அதாவது என் அப்பா, துணைக்கு வந்தார். மலையடிவாரத்தில், துணியில் ஒட்டிய வரைபடத்தை விரித்தேன். மலையைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் வளைந்து வளைந்து கோடுகள்.

“இதெல்லாம் ஒத்தையடிப் பாதை நைனா. சுத்திக்கினே போயிரலாம்.”

“நீ படிச்சவன். நட.”

நடந்தோம். முள் வந்தது, பாறை வந்தது, பிறகு பாறையின் விளிம்பு மட்டும் மிச்சமிருந்தது. கால் வைத்து வந்த கல் பின்னால் பெயர்ந்து உருண்டது. அது விழுந்த சத்தம் கேட்கவே நேரமாயிற்று. இனித் திரும்பவும் வழியில்லை.

“டேய், பாத எங்கடா?”

“மேப்புல இருக்குது நைனா.”

“கால்கீழ இல்லியேடா!”

பாறையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். பாம்பைக் கண்டும் பயப்படாத மனிதர். அம்மாவிடம் தனியாகப் போய் நிற்பதுபோல ஒரு காட்சி கண்முன் வந்து வந்து போனது.

நைனா வேட்டியை அவிழ்த்து ஒரு வேரில் கட்டினார்.

“மொதல்ல நீ எறங்கு.”

“நீ?”

“எறங்குடான்னா!”

சறுக்கி இறங்கினேன். அவர் பாதியில் தொங்கும்போது வேர் ‘மளுக்’கென்றது. கண்ணை இறுக மூடிக் கையை நீட்டினேன். பிடியை விட்டு என்மேலேயே விழுந்தார். இருவரும் கட்டிக்கொண்டு கிடந்தோம்.

அப்புறம்தான் கவனித்தேன். வேட்டி மேலே, கோவணத்தோடு நைனா கீழே. வீட்டுக்கு வழியோ கடைத்தெருவுக்குள்.

“எட்ரா அந்த மேப்ப!”

மலை, ஓடை, ஏரியெல்லாம் இடுப்பைச் சுற்ற, நைனா கடைத்தெருவில் நடந்தார்.

“ஏமண்ணா, கொத்த லுங்கியா?” புது லுங்கியா என்று விசாரித்தார் கடைக்காரர்.

“பையன் திருப்பதிலேர்ந்து கொணாந்தான்.”

பழுப்புக் கோடு பாதையல்ல, ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைப்பது என்று மறுநாள் இன்ஜினீயர் பொறுமையாக விளக்கினார். வேலை போகவில்லை. மலைப்பக்கம் மட்டும் என்னை மறுபடி அனுப்பவில்லை.

இன்றைக்கும் வீட்டில் யாராவது, “இருங்க, போன்ல வழி பாக்கறேன்” என்றால் போதும். நைனா எழுந்து நின்று வேட்டி முடிச்சை இறுக்கிக்கொள்கிறார்.