ராசாவுக்குத் தண்ணி வார்த்த பரியாரியார்

லண்டனில் மனிதனுக்கு வருத்தம் வந்தால், டொக்டரைப் பார்க்க நாள் கிடைப்பதற்குள் வருத்தமே அலுத்துப்போய் எழும்பிப் போய்விடும். ஆனால் தொட்டியில் வளரும் கடல்மீனுக்கு வருத்தம் வந்தால், அன்றைக்கே வீடு தேடி வந்து நாடி பார்க்க ஒருவர் இருக்கிறார். மனிதரை நம்பாமல் மீனை மட்டும் நம்பும் ஒரே யாழ்ப்பாணத்தார் உலகத்தில் அவராகத்தான் இருக்கவேண்டும். சொந்தப் பெயர் எவருக்கும் தெரியாது. எங்கள் பேச்சில் பரியாரியார் என்றால் நாட்டு வைத்தியர்; ரெய்னர்ஸ் லேன் பக்கம் எல்லோருக்கும் அவர் மீன் பரியாரியார்.

ஜேர்மனியில் கனகாலம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். பகலில் பார்சல் வான் ஓட்டுவார். இந்த வைத்தியத்தை எங்கே படித்தீர்கள் என்று கேட்டால், "மீனிட்டத்தான்" என்பார். அதற்கு மேல் கேட்க எனக்குத் தெம்பில்லை.

அவர் நாடி பார்க்கும் விதம் தனி. தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, மீனின் செவுள் திறந்து மூடுவதை எண்ணுவார். அந்த நேரம் வீட்டில் எவரும் மூச்சு விடக்கூடாது. பிறகு விசாரணை தொடங்கும். அது மீனைப் பற்றியதல்ல, எங்களைப் பற்றியது.

"நேற்று என்ன பொரிச்சனீங்கள்? சாம்பிராணி போட்டனீங்களோ? கைக்குக் கிறீம் பூசிப்போட்டுத் தண்ணிக்குள்ள கை விட்டது ஆர்?"

ஒரு வீட்டில் மாமனார் ஒளித்துச் சிகரெட் பிடிப்பதை இப்படியே பிடித்துக் கொடுத்தார். மீன் பிழைத்தது. மாமனாரும் மருமகளும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

ரெயிலிலும் வைத்தியம் நடக்கும். "மேலெல்லாம் பொட்டோ? மூச்சு வாங்குதோ? அப்ப ஆளைப் பிடிச்சு வாளியில போட்டு மூடி வையுங்கோ" என்று ஒருநாள் போனில் உரத்துச் சொன்னார். எதிரே இருந்த தமிழ்ப் பெண் தன் பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.

வைத்தியம் முடிந்ததும் புட்டும் மீன்குழம்பும் ஒரு பிடி பிடிப்பார். அதற்கு முன் கதிரையைத் திருப்பித் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொள்வார். "பாவங்கள், பார்த்துக்கொண்டு நிக்குங்கள்" என்பார்.

எங்கள் வீட்டுத் தொட்டி மகனுடையது. ஸ்கொட்லாந்தில் வேலை கிடைத்துப் போனபோது, நீலமும் மஞ்சளுமாய்க் கோடு போட்ட ஏஞ்சல் மீன் ஒன்றையும் பரியாரியாரின் போன் நம்பரையும் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனான். என் மனைவி அந்த மீனை ராசா என்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் போன் எடுத்து, "ராசா எப்பிடி?" என்று கேட்பான். எங்களைப் பற்றிக் கேட்க அவனுக்கு ஞாபகம் வராது. பரவாயில்லை, போன் வந்ததே பெரிய காரியம். ராசா போனால் அந்தப் போனும் போய்விடும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால்தான் ஷிப்ட் முடிந்து முதுகு முறிய வந்த பிறகும் உப்புத்தண்ணீர் கலக்கிக்கொண்டு நின்றேன்.

ஒருநாள் ராசா சாப்பாட்டைத் தொடவில்லை. கல்லில் உடம்பைத் தேய்த்தது. மேலில் வெள்ளையாய் ஏதோ தெரிந்தது. பரியாரியாருக்குப் போன் எடுத்தேன்.

"அம்மாள் போலக் கிடக்கு தம்பி. வேலை முடிய வாறன்" என்றார்.

எங்கள் பேச்சில் அம்மாள் என்றால் அம்மை நோய். பக்கத்தில் நின்று கேட்ட மனைவி சும்மா இருப்பாளா? பரியாரியார் வந்து சேர்ந்தபோது தொட்டியைச் சுற்றி வேப்பிலை, அடுப்பில் மரக்கறி மட்டும், தண்ணீருக்குள் மஞ்சள்தூள்.

"ஆர் இந்தச் சாம்பாரை வைச்சது?" என்று கத்தினார்.

"நீங்கள்தானே அண்ணை அம்மாள் எண்டனீங்கள்?" என்றாள் மனைவி.

"போலக் கிடக்கு எண்டனான், பிள்ளை! போல!"

பிறகு நாடி பார்த்தார். டோர்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். "இது அம்மாள் இல்லை. தோலில ஒட்டுண்ணி. உப்பில்லாத தண்ணி வார்த்தாத்தான் பிடிபடும்."

மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. அம்மாள் மாறினால் தண்ணீர் வார்ப்பதுதானே எங்கள் வழக்கம். "நான் சொன்னது சரிதானே!" என்று என்னைப் பார்த்தாள். பரியாரியார் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

வாளியில் நல்லதண்ணீரைத் தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து, ராசாவை இறக்கினார். அது சரிந்து விழுந்து அப்படியே கிடந்தது. "எழும்பு ராசா, எழும்பு" என்று மனைவி அழத் தொடங்கினாள். மகனுக்கு என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அதன் உடம்பிலிருந்து எள்ளுப்போல வெள்ளையாய் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

"பார்த்தீங்களே, ஒளிச்சிருந்தவை வெளுத்து விழுகினம்!" என்றார் பரியாரியார், விருந்தாளிகளைக் கண்டவர் மாதிரி. ராசாவை உடனே உப்புத்தண்ணீர் வாளிக்கு மாற்றி, தொட்டியைக் கழுவி, புதுத்தண்ணீரும் மருந்தும் விட்டார். ராசா பிழைத்தது.

ராசா சுகம் என்று மகனுக்குச் சொன்னோம். அவனுக்குக் கவலை தீர்ந்தது. போனும் நின்றுவிட்டது.

பல ஞாயிறுகள் போயின. ராசாவைப் பார்க்க வந்த பரியாரியார், வழக்கம்போலத் தொட்டிக்கு முதுகைக் காட்டிப் புட்டைப் பிசைந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சாப்பிட மனமில்லை. அவர் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை மகன் பையோடு வாசலில் நின்றான். தொட்டிப் பக்கம் திரும்பாமல் நேராக வந்து என் நெற்றியில் கை வைத்தான்.

"அப்பா, ஆர் யூ ஓகே? மீன் அங்கிள் போன் எடுத்தவர்."

"என்னவாம்?"

"ராசா நல்லாத்தான் இருக்கு, உன்ர கொப்பர்தான் சாப்பாடு எடுக்கிறேல்லை, மூலையில நிக்கிறார், நிறமும் மங்கிப்போச்சு, கெதியா வா எண்டவர்."

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. என் வீட்டுப் புட்டைத் தின்றுகொண்டே என் செவுளை எண்ணியிருக்கிறார் மனிதர்! நல்ல ஏச்சுக் கொடுப்பது என்று அடுப்படிக்குப் போய்ப் போனை எடுத்தேன். மறுபக்கம் வான் சத்தம் கேட்டது.

"என்ன தம்பி, பெடியன் வந்திட்டானே?" என்றார்.

வந்துவிட்டான் என்றேன். முன்னறையில் தாயும் மகனும் சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் சேர்த்து வைத்திருந்த ஏச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"அண்ணை," என்றேன், "நீங்கள் சாப்பிட்டீங்களோ?"