டபுளா இருக்குன்னு எடுத்தேன்

மூன்று ஆழ்துளைக் கிணறு, ஒரு மாடி வீடு, இரண்டு டிராக்டர், நெட்டப்பாக்கம் சாலையில் அறுபது டன் எடைமேடை. அத்தனையும் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் கட்டியது. மேடைக்குப் பள்ளம் தோண்டியபோது, "இங்க எவன் லாரி ஏத்துவான்?" என்று சிரித்தவர்கள் இன்று என் மேடையில்தான் ஏற்றுகிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியைப் படித்துவிட்டு என்னை லேசாக எடை போட்டுவிடக் கூடாது பாருங்கள்.

மேடைக்கு ஒரு கம்ப்யூட்டர் உண்டு. லாரி ஏறியதும் பொத்தானை அழுத்தினால் எடைச்சீட்டு அச்சாகி வரும். அதற்குப் பொறுப்பு என் மருமகள் கவிதா. அரியூரில் ஓர் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறாள். "மாமா, சீட்டு அடிக்கிறதோட நிறுத்திக்குங்க. வேற எதையும் தொடாதீங்க" என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள்.

அன்று கம்ப்யூட்டர் மந்தமாக இருந்தது. ஒரு சீட்டு வருவதற்குள் ஒரு டீ குடித்து முடித்தேன். உள்ளே என்னதான் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று மென்பொருள் பட்டியலைத் திறந்தேன். (கவிதா திறக்கும்போது ஓரக்கண்ணால் பார்த்து வைத்திருந்தேன்.) அநியாயம்! ஒரே பெயர், எட்டு வரி. வருஷம் மட்டும்தான் வேறு வேறு. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் எழுத்து தெரியும், எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்க வரும். புது வருஷம் இருக்கும்போது பழசு எதற்கு? களை பிடுங்குவதுபோல் ஏழையும் பிடுங்கினேன். ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் என்னவோ கேட்டது. எது கேட்டாலும் முதல் பொத்தானை அழுத்துவது என் வழக்கம்.

அணைத்துப் போட்டேன். கம்ப்யூட்டர் பறந்தது. எடை மென்பொருள் மட்டும் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு சவுக்கு லாரி மேடை ஏறியது. லாரியோடு வந்திருந்த கரியமாணிக்கம் ஊர்த் தனபாக்கியத்தின் சரக்கு. நான்கு வருஷம் வளர்த்து, அன்று விடியலில் வெட்டியது. பச்சைக் கட்டை வெயிலில் நிற்க நிற்க எடை குறையும். வியாபாரியோ அச்சுச் சீட்டில் இருக்கும் எடைக்குத்தான் காசு கொடுப்பார், கையால் எழுதிக் கொடுத்தால் செல்லாது.

திரையில் வந்த கட்டத்தை லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"மொதலாளி, யாரோ டி.எல்.எல்.னு ஒருத்தரக் காணோமாம்."

"காணோம்னா போலீஸ்ல சொல்லுண்ணா" என்றாள் தனபாக்கியம். "என் கட்டைய எடை போடு."

சீட்டுதான் வரவில்லையே தவிர, மேடையின் சிவப்பு எண்கள் மட்டும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. அதுதான் என் கெட்ட நேரம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்து கிலோ குறைந்தது.

"ஐயோ, பத்து கிலோ போச்சே! நாலு வருஷம் நான் ஊத்துன தண்ணி உன் மேடைலியே ஆவியாப் போவுதேண்ணா!"

கவிதாவுக்குப் போன் போட்டேன்.

"இன்னாத்த தொட்டீங்க மாமா?"

"ஒண்ணுமில்லம்மா. டபுளா இருந்துச்சு, எடுத்துட்டேன்."

"எத்தன?"

"ஏழு."

"மாமா, அதுக்குப் பேரு ரன்டைம். பல மென்பொருளுக்குப் பொதுவான சாமான், டி.எல்.எல். ஃபைலெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. நம்ம எடை மென்பொருள் பழசு, அதுக்குப் பழைய வருஷந்தான் வேணும். எல்லாம் ஒரே மாதிரி இருக்குன்னு ஸ்பேனர் செட்டுல ஒண்ண வெச்சிக்கினு மிச்சத்த எறிஞ்சிடுவீங்களா?"

ஸ்பேனர் என்றதும் சுருக்கென்று புரிந்தது. அவள் எழுத்தெழுத்தாகச் சொல்ல, ஒற்றை விரலால் தட்டி, ரன்டைமை இறக்கிக்கொள்ளும் இணையப் பக்கத்தைப் பிடித்தேன். அங்கே எங்களுக்கு வேண்டிய பழைய வருஷத்துக்கே இரண்டு இருந்தன. ஒன்றில் 64, இன்னொன்றில் 86.

"மாமா, நம்ம கம்ப்யூட்டர் அறுபத்துநாலு. அதனால..." அதற்குள் அவளை யாரோ கூப்பிட்டார்கள். போன் கட்.

சிவப்பு எண் இன்னொரு பத்து இறங்கியது. தனபாக்கியம் முந்தானையால் கட்டைக்கு நிழல் பிடிக்கப் பார்த்தாள். (ஒரு லாரி கட்டைக்கு!) யோசித்தேன். அறுபது டன் மேடையும் எண்பது டன் மேடையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் லாரி எதில் ஏறும்? பெரியதில்தானே? அழுத்தினேன் எண்பத்தாறை.

எடை மென்பொருள் திறந்தது!

சீட்டு அடிப்பதற்கு முன்னால், ஆபீஸ் பந்தலின் இரண்டு சவுக்குக் கால்களைப் பிடுங்கி லாரியில் போட்டேன். குறைந்த இருபது கிலோ எண்ணில் திரும்பி வந்தது. பந்தல் மெல்ல என் தலைமேல் சாய்ந்தது.

"இன்னாண்ணா, இதுவும் டபுளா இருந்துச்சா?" என்றாள் தனபாக்கியம். சிரித்துவிட்டாள், நல்லவேளை.

அன்று மாலை கவிதா வந்து மீதி ஆறையும் போட்டாள். போட்டுக்கொண்டே மெல்லிய குரலில், "அறுபத்துநால மட்டும் போட்டிருந்தா திறந்திருக்காது மாமா. கம்ப்யூட்டர் அறுபத்துநாலா இருந்தாலும், நம்ம பழைய எடை மென்பொருளுக்கு எண்பத்தாறுதான் பொருந்தும். நானே தப்பாச் சொல்ல இருந்தேன்" என்றாள். கேட்டவன் நான் ஒருவன்தான்.

பிறகு அவளுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. பார்க்க வந்த தனபாக்கியம், "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே. மாமனார்கிட்ட தனியா வுட்டுடாதம்மா, ஒண்ண எடுத்துடுவாரு" என்றாள். ஆஸ்பத்திரியே சிரித்தது. இன்றும் நான் வாசலில் செருப்பைக் கழற்றினால், "தாத்தா வராரு, தள்ளி நில்லு!" என்று பேத்திகள் ஆளுக்கொரு மூலைக்கு ஓடுகிறார்கள்.

ஏழு எடுத்தேன். மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாம் ஏழோடு நிறுத்திவிட்டு, மருமகள் சரிசெய்தாள் என்று முடிக்கிறார்கள். இனிமேல் எண்பத்தாறையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதை அழுத்தியது இந்த விரல்.