ஷரத்து அண்ணனின் பிரேக்

கண்ணில் சோப்பு நுரை எரியும்போதும் அரசியல் சட்டம் பேசக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் கிழக்குத் தாம்பரத்து ஆண்கள் ஹாஸ்டல் ஒன்றில் எனக்கு அடுத்த கட்டிலில் படுத்திருந்தார்.

நிஜப் பெயர் வேறு ஏதோ. பேச்சுக்குப் பேச்சு, "அரசியல் சட்டத்துல இதுக்கு ஒரு ஷரத்து இருக்குய்யா" என்பதால் ஷரத்து அண்ணன். எந்த ஷரத்து என்று கேட்டால், "நம்பர் தெரியாது, ஆனா இருக்கு" என்பார்.

தொழில், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கற்றுக்கொள்கிறவர் கையில் ஸ்டீரிங். பக்கத்து சீட்டில் இவர் காலடியில் தனியாக ஒரு பிரேக். அவருடைய அரசியல் ஞானம் மொத்தமும் அந்த இரண்டாவது பிரேக்கிலிருந்து வந்ததுதான் என்று நான் ஊரெல்லாம் கேலி பேசினேன்.

எரிச்சலுக்குக் காரணம் உண்டு. அவர் வருவதற்கு முன் அங்கே ஆள் என்றால் நான்தான். எட்டாவதோடு படிப்பு முடிந்து, படப்பையில் செங்கல் இறக்கி, ஒரகடம் கேன்டீனில் தட்டு கழுவி, வேலை இல்லாத வாரங்களில் ஸ்டேஷன் பெஞ்சில் படுத்தவன். சாயந்திரம் கதையை ஆரம்பித்தால் அத்தனை பேரும் வாய் பிளந்து கேட்பார்கள். ஷரத்து வந்த ஒரே வாரத்தில் என் கூட்டம் அவர் கட்டிலுக்கு மாறிவிட்டது.

வந்த அன்றே விசாரணையை ஆரம்பித்தார்.

"இங்க தண்ணி டைம் வைக்கிறது யாரு?"

"ஓனர்ண்ணா."

"மோட்டார் போடுறது?"

"ஓனர்."

"அவரு மேலயே கம்ப்ளெயின்ட்டுன்னா யார்கிட்ட சொல்லுவீங்க?"

"ஓனர்கிட்டதான்."

"யோவ்! அதிகாரத்துல இருக்கற எல்லாருமே எல் போர்டுதான்யா. பக்கத்துல இன்னொரு பிரேக் இல்லாம எப்படி விட்டீங்க?"

எங்கள் ஓனர் குடும்பம் ஒரு காலத்தில் அந்த மண்ணில் நெல் நட்டது. இவர் கட்டில் நட்டார். டேங்க் சின்னது, மோட்டார் நின்றால் குழாயும் நின்றுவிடும். பிடிக்காதவன் தலைக்கு ஷாம்பு போட்ட நேரம் பார்த்து நிறுத்துவார்.

அப்படிப்பட்டவரே அதிகாரத்தைப் பிரித்துக் கொடுக்கச் சம்மதித்தார். காரணம், புதுக் கார் வாங்கி ஷரத்திடம்தான் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் இரண்டு லாரிகளுக்கு நடுவே வைத்து ஷரத்து பேச்சை எடுத்தாராம். பிரேக் யார் காலடியில் இருக்கிறது என்று ஓனர் குனிந்து பார்த்திருப்பார்.

புது ஏற்பாடு இது: தண்ணீர் நேரத்தை ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கைதூக்கி முடிவு செய்வோம். சாவி ஓனரிடமே இருக்கும். சொன்ன நேரத்துக்கு மோட்டார் போடுவது மட்டும் அவர் வேலை. தகராறு என்றால் தீர்ப்பு மெஸ் அக்காவுடையது. சமைத்துப் போட்டுவிட்டு சேலையூருக்குப் போய்விடுகிறவர். எங்கள் தண்ணீரும் அவருக்கு வேண்டாம், எங்கள் தயவும் வேண்டாம்.

முதல் திங்கட்கிழமையே இந்தப் புது ஏற்பாடு என்கிற வண்டி மோதியது. கம்பெனி பஸ் சீக்கிரம் வருகிறது என்று தகவல். எல்லோரும் சோப்பு போட்ட பிறகு டேங்க் காலி; நாங்கள் வைத்த மோட்டார் நேரமோ இன்னும் ஆகவில்லை. ஓனர் படியில் நின்று சாவியைச் சுழற்றினார்.

"நேரம் வைக்கிற அதிகாரம் எனக்கு இல்லியே தம்பி. கூட்டம் போட்டு மாத்திச் சொல்லுங்க, போட்டுடறேன்."

கூட்டம் போட்டோம். பாதிப் பேரால் கை தூக்க முடியவில்லை, துண்டைப் பிடித்திருந்தார்கள். தலை முழுக்க நுரையோடு ஷரத்து மட்டும் கத்தினார்: "ஓனர் செய்யறது கரெக்ட்! அவருக்கு அதிகாரம் கிடையாது!"

பஸ் போய்விட்டது. இன்று அவரை மொத்தப்போகிறார்கள் என்று நான் ஆசையாகக் காத்திருந்தேன். பாவிகள், விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அடுத்த ஞாயிறு அவசரத்துக்கு ஒரு விதி சேர்த்தார்கள். ஸ்டேஷன் பெஞ்சில் நான் பட்ட பட்டினிக்குக்கூட இவர்கள் இப்படிச் சிரித்ததில்லை.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. டேங்க் நிரம்பி வழிந்து, படியெல்லாம் ஓடி, கீழே டெய்லர் கடையில் ஒரு கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகள் அத்தனையும் நனைந்துவிட்டன. அந்த நேரத்தில் ஹாஸ்டலில் இருந்தவன் நான் ஒருவன்தான். முந்தின வாரம்தான் கேன்டீன் வேலை போயிருந்தது.

"வேலை இல்ல, வூடு இல்ல, இவன்தான் எதையாவது நோண்டிகினு இருந்திருப்பான். காலி பண்ணுடா" என்றார் ஓனர், சாயந்திரம் எல்லோரும் திரும்பியதும்.

"அந்த அதிகாரம் உங்களுக்கு இல்ல சார்" என்றார் ஷரத்து.

"அப்ப இன்னா, ஓட்டு போடுங்க!"

போட்டார்கள். ஷரத்தைத் தவிர அத்தனை கையும் மேலே. என் கதை கேட்ட கைகள். நான் பையை எடுத்துச் சட்டைகளைத் திணித்தேன். பெஞ்ச் பழகியதுதான், ஆனால் அது மழைக்காலம்.

"மெஜாரிட்டி வந்துடுச்சுண்ணா" என்றான் ஒருவன்.

"தண்ணி டைமுக்குத்தான்யா மெஜாரிட்டி. ஒரு ஆளோட படுக்கைக்கு ஓட்டு கிடையாது. எல்லாக் கையும் தூக்கினாலும், அவனைக் கேக்காம வெளிய தள்ள முடியாது. இதுக்கு ஷரத்து இருக்கு!"

"எந்த ஷரத்து?"

"நம்பர் தெரியாது! அக்காவைக் கூப்பிடு!"

அக்கா கரண்டியோடு வந்தார். நான் தொடவில்லை என்றேன். தலையாட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"மோட்டார் ரூம் சாவி யார்கிட்ட கீது?"

இது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. குற்றம் சாட்டப்பட்ட எனக்கும்தான். ஓனர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மோட்டார் போட்டுட்டு நிறுத்தறதுக்குள்ள... டிரைவிங் கிளாஸுக்கு ஹாரன் அடிச்சுகினே இருந்தாரும்மா..."

"யாரு அடிச்சது?"

ஷரத்து அண்ணன் கை தூக்கினார். "நான்தான்க்கா."

"அப்ப ரெண்டு பேரும் படியைத் துடைங்க. ஜாக்கெட்டுக்கு டெய்லர்கிட்ட நீங்களே போய்ப் பேசுங்க. தம்பி, பையைக் கட்டில்ல வை."

ஓனர் முனகிக்கொண்டே பிழிந்தார். ஷரத்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டு துடைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "சிஸ்டம் வேலை செய்யுது பாரு!" என்றார். அவர்மேல் எனக்கு அப்போதுதான் பொறாமை அதிகமானது. தோற்றுப்போய் ஈரத்துணி பிழியும்போதுகூட அந்த ஆள் ஜெயித்த மாதிரி இருந்தார்.

மழை விட்டதும் நான் வேறு ஊர், வேறு கட்டில் என்று கிளம்பிவிட்டேன். இப்போதும் ஊரப்பாக்கம் பக்கம் எல் போர்டு மாட்டிய கார் ஒன்று தடுமாறிக்கொண்டு போனால் நின்று பார்ப்பேன். உள்ளே வியர்த்துக்கொண்டு ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கிறவர் யாரென்று தெரியாது. ஆனாலும் இப்போது என் பொறாமையெல்லாம் அவர்மேல்தான். பக்கத்து சீட்டில் அவருக்காக ஒருவர் பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறார்.